இறங்காத கோடு

“முகத்தைப் பார்த்தாலே தெரியுதுங்க. பொய்யைக் கலந்துட்டுத் திருதிருன்னு முழிக்கிறார்.”

அவள் தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்தாளே தவிர, வாயில் வைக்கவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவன், சட்டைப் பொத்தானைப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வாரமாகக் காலையில் அவனுக்கு இதே புலம்பல்தான்.

விஷயம் இதுதான். அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் ஒரு விநோதமான வழக்கம் உண்டு. தொலைநோக்கியிலிருந்து வரும் தரவுக்குள், ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் ரகசியமாக ஒரு பொய்த் தடயத்தைக் கலந்துவிட வேண்டும். பிறகு தரவைப் பூட்டிவிடுவார்கள், யாரும் கை வைக்க முடியாது. மற்றவர்கள் அந்தப் பொய்யைப் பிடிக்கிறார்களா, தூங்குகிறார்களா என்று பார்க்கும் பரீட்சை அது. சுற்று முடிந்து நடக்கும் கூட்டத்தில் ஆய்வுக்கூடத் தலைவி கேட்கும்வரை கலந்தவர் வாய் திறக்கக் கூடாது. அந்தப் பொறுப்பில் இருந்தவருக்கு எல்லோருமாக வைத்த பெயர் பொய்யண்ணன். பாவம், விடுப்புக் கேட்கக்கூட ஒரு பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

இந்தச் சுற்றில் ஒரே ஒரு தடயம்தான் அகப்பட்டிருந்தது. கண்டுபிடித்தவள் அவள். அது நிஜமென்றால் அவளுக்கு அங்கே நிரந்தர வேலை. பொய்யென்றால், நன்றாகப் பிடித்தாய் என்று கைதட்டிவிட்டு, மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்ததென்று அனுப்பிவிடுவார்கள். இன்றுதான் அந்தக் கூட்டம்.

“அப்படி என்னதான் அகப்பட்டுச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்,” என்றான் கணவன். பேச வைத்தால் பயம் குறையும் என்று அவனுக்கு ஒரு கணக்கு.

அவள் சொன்னாள். ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்துச் சாகிறது. வெடித்த வேகத்தில் ஓர் அதிர்ச்சி அலை சுற்றிலும் விரிந்துகொண்டே போகிறது. அதில் மாட்டிய துகளை, அலைக்கு முன்னால் கலைந்து கிடக்கும் காந்தப்புலம் பின்னால் திருப்பிவிடும். பின்னால் இருப்பது மறுபடி முன்னால் விரட்டும். ஒவ்வொரு முறை அலையைத் தாண்டும்போதும் கொஞ்சம் ஆற்றல் கூடும். பெரும்பாலானவை பாதியிலேயே நழுவிவிடும். விடாமல் அல்லாடிய சில துகள்கள் மட்டும் மலைக்க வைக்கும் ஆற்றலோடு வெளியே பாயும். அவைதான் காஸ்மிக் கதிர்கள். அவை வாயு மேகங்களில் மோதும்போது தெறிக்கும் ஒளியை அளந்துதான் அவள் தன் வரைபடத்தில் கோடு போடுகிறாள்.

“ரெண்டு சம்பந்தி வீட்டுக்கு நடுவுல போய் வர்ற பேச்சு மாதிரின்னு சொல்லு. ஒவ்வொரு தடவை வாசல் தாண்டும்போதும் சூடு ஏறும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. “அதேதான். எவ்வளவு தூரம் ஏறும்கிறதுதான் கேள்வி. ஓர் அளவுக்கு மேல ஏறாம கோடு இறங்கிடும். இதுவரைக்கும் எங்க கூடத்துல எல்லாரும் பார்த்தது அதைத்தான். நான் பார்த்த நட்சத்திர மிச்சத்துல மட்டும் கோடு இறங்கவே இல்லைங்க. இவ்வளவு நல்லது நம்மளைத் தேடி வருமா?”

பொய்யை வேறு எங்காவது கலந்திருக்கலாமே, நீங்கள்தான் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள் என்று அவன் சமாதானம் சொல்லிப் பார்த்தான். எல்லாவற்றையும் சல்லடை போட்டுச் சலித்தாகிவிட்டது என்று எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

ஆய்வுக்கூடத்துத் தாழ்வாரத்தில் அவளைக் கண்டதும் பொய்யண்ணன் வந்த வழியே திரும்பப் பார்த்தார். அதற்குள் அவள் நெருங்கிவிட்டாள். மனைவியின் அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் மனிதர் பாதியாக இளைத்திருந்தார். அக்கா எப்படி இருக்கிறார்கள் என்று அவள் விசாரித்தாள். தேறிவிட்டதாகச் சொன்னவர், அவள் கண்ணைப் பார்க்காமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“நீ பட்ட பாடு எனக்குத் தெரியும்மா. இன்னிக்கு நடக்கப் போறதுக்கு என்னை மன்னிச்சிடு.”

இதற்குமேல் என்ன தெரிய வேண்டும்? அவள் நேரே தன் மேசைக்குப் போய், காபிக் கோப்பையையும் கணவன் படத்தையும் எடுத்துப் பைக்குள் வைத்தாள். பக்கத்து மேசைக்காரி என்னவென்று கேட்டதற்குச் சும்மாதான் என்றாள். அழுதுவிடக் கூடாது என்பது மட்டுமே அப்போது அவளுடைய வேண்டுதல்.

கூட்ட அறைத் திரையில் அவள் போட்ட கோடு பெரிதாகத் தெரிந்தது. எல்லோரும் உட்கார்ந்ததும் தலைவி பொய்யண்ணன் பக்கம் திரும்பினார்.

“சொல்லுங்க. இந்தத் தடவை எங்கே கலந்தீங்க?”

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மேசைக்கடியில் அவள் பையின் காதை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“கலக்க வேண்டிய அன்னிக்கு என் மனைவி ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தா, மேடம். தரவைப் பூட்டின பிறகுதான் எனக்கு ஞாபகமே வந்தது. வேலை போயிடும்னு பயந்து மறைச்சுட்டேன். நான் விதியை மீறினதால இந்தப் பொண்ணு உழைப்பைத் தள்ளிடாதீங்க.” தலைவியை நேராகப் பார்த்தார். “நான் இந்தத் தடவை எதையுமே கலக்கலை.”

யாரும் அவரைத் திட்டவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தது, திரையில் இறங்காமல் நின்ற அந்தக் கோட்டைத்தான்.