சின்னக் கணினியின் நகல்

மலைமேல் ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் கணினி இருந்தது. நோயாளிகளின் விவரங்களெல்லாம் அடிவாரத்துப் பெரிய கணினியிடம் இருந்தன. ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிடும் என்பதால், சின்னது தன்னிடமே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டது.

ஒருநாள் மூச்சுத்திணறலோடு வந்த பேச்சியம்மாளுக்கு, நகலில் இருந்த ஊசியின் பெயரை டாக்டரம்மாவுக்குத் திரையில் காட்டியது சின்னது. ஆனால் நகல் எடுத்து நாலு நாளாச்சே என்று அதற்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணே, பேச்சியம்மா விவரத்துல ஏதும் மாறியிருக்கா?" என்று பெரியதைக் கேட்டது.

"முந்தாநாளே மாத்திட்டேனே! அந்த ஊசி அவங்களுக்கு ஆகாது!"

சின்னது பதறிப்போய்த் திரையைச் சிவப்பாக்கியது. டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தார்.

"இனி நகலே வேண்டாம்ணே" என்று அழுதது சின்னது.

"நகல் இருக்கட்டும்டா. உன்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சும் சொல்லாம விட்டவன் நான்தானே."

மறுநாள் பெரியதே முதலில் கூப்பிட்டது: "தம்பி, மூணு பேருக்கு மாத்தியிருக்கேன், குறிச்சுக்கோ."