இன்னும் இருபது வருஷம்

“செருப்பை வாசல்லயே விட்டுட்டு, கையைக் கழுவிட்டு வாங்க தம்பி. ஈரம் போகத் துடைச்சுக்கணும்,” என்றாள் அந்த வீட்டு அக்கா.

பழைய வீடியோ கேம்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குக்கு அதைக் கேட்டதுமே மனசு குளிர்ந்துவிட்டது. பதினைந்து வருஷத் தொழிலில் அவன் பார்த்த வீடுகளிலெல்லாம் கேம்கள் கட்டிலுக்கு அடியிலோ பழைய துணி மூட்டையிலோதான் கிடந்தன. ஒரு வீட்டில் டிஸ்க் மேல் டீ கிளாஸையே வைத்திருந்தார்கள், புண்ணியவான்கள்.

இங்கே கதையே வேறு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் இயந்திரம் ஒன்று மூலையில் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. நாலு சுவரிலும் அலமாரி. நானூறு பெட்டிகளுக்குக் குறையாது. ஒன்றுகூடப் படுக்கவில்லை, எல்லாம் புத்தகம் மாதிரி நிமிர்ந்து நின்றன. தூசி மருந்துக்கும் இல்லை.

“யாருக்கா இப்படிப் பார்த்துக்கிறது?”

“நான்தான். அவரு சொல்லிக் கொடுத்தபடி.”

அவர் என்றால் அவள் கணவர். போய் ஆறு வருஷமாகிறதாம். டி.வி.க்கு எதிரே கிடந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பு. பிள்ளைகள் இல்லை, வீட்டில் அவள் ஒருத்திதான். தனக்கு இதில் எதையும் ‘ஆன்’ செய்யக்கூடத் தெரியாது என்றாள். சொல்லிக்கொண்டிருந்தவள், ஒரு பெட்டி இம்மியளவு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய் உள்ளே தள்ளி வைத்தாள்.

நம் வீட்டுக்காரி நாம் கண்ணை மூடின மறுநாளே எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடுவாள் என்று நினைத்துக்கொண்டான்.

அவர் கடைசியாக விளையாடிய ஆட்டம் அடங்கிய சின்ன டப்பா, அதாவது கார்ட்ரிட்ஜ், இன்னும் டி.வி.யோடு இணைத்த கேம் மெஷினிலேயே செருகியிருந்தது. ஊர் கட்டும் ஆட்டம். வீடு, தெரு, பாலம் என்று கட்டிக்கொண்டே போகலாம், முடிவே கிடையாது. போட்டுப் பார்த்தான். சேமித்து வைத்த ஆட்டம் ஒன்றே ஒன்று, அவர் பெயரில். விளையாடிய நேரம் 9,340 மணி என்று காட்டியது.

கார்ட்ரிட்ஜைத் திறந்து, உள்ளே இருந்த சின்ன வட்ட பேட்டரியில் மீட்டரை வைத்தான். உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. சேமித்த ஆட்டம் அழியாமல் இருப்பதே இந்த பேட்டரியின் தயவில்தான் என்று அவளுக்கு விளக்கினான்.

அவள் அங்கே வாயைத் திறக்கவில்லை. அவனை வெளியே கூட்டி வந்து, கதவைச் சாத்திவிட்டு, அப்புறம்தான் மெல்லிய குரலில் கேட்டாள்.

“அது தீர்ந்துட்டா அவரோட ஆட்டம்?”

“போயிடும்க்கா.”

“கொஞ்சம்கூட மிஞ்சாதா? யாராலயும் திரும்பக் கொண்டுவர முடியாதா?”

“முடியாதுக்கா.”

“எத்தனை நாள் தாங்கும்?”

“மிஞ்சி மிஞ்சிப் போனா ஒரு வாரம்.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். இதைத் தெரிந்துகொள்ளத்தான் வரச் சொன்னேன் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டாள். வேறு பேட்டரி போட்டுத் தா என்று கேட்கக்கூட அவளுக்கு நா எழவில்லையே என்று அவனுக்குப் பாவமாகப் போய்விட்டது.

அன்று முழுக்க அவனுக்கு வேறு வேலை ஓடவில்லை. மறுநாள் காலையிலேயே புது பேட்டரியோடு போய் நின்றான். மீட்டரை மறந்து வைத்துவிட்டேன், தேடி எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொன்னான். அவள் டீ போட அடுப்படிக்குப் போனாள்.

நாற்காலியில் உட்கார்ந்தான். சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

ஆட்டத்தைப் போட்டான். 9,349 மணி.

நேற்று அவன் கண்ணால் பார்த்த கணக்கு இல்லை இது. ஒரே நாளில் ஒன்பது மணி நேரமா? அப்புறம் தன்னையே திட்டிக்கொண்டான். பாவம், அக்காதான் தனியாக உட்கார்ந்து விளையாடிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு தெரியாது என்கிறாள். புருஷன் கட்டின ஊருக்குள்ளேயாவது நடந்துவிட்டு வரட்டுமே.

வேலையில் இறங்கினான். மின்சாரத்தை நிறுத்தாமலேயே பழைய பேட்டரியைக் கழற்றி, புதியதைப் பற்றவைக்க வேண்டும். சூட்டுக்கோல் ஒரு நூல் விலகினாலும் அந்த மனுஷன் அடியோடு அழிந்துபோவான். மூச்சைப் பிடித்துக்கொண்டான். வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. பிடரிக்குப் பக்கத்தில் இன்னொருவர் மூச்சுவிடுவது போலவே இருந்தது. திரும்பிப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

புது பேட்டரி சரியாக ஒட்டிக்கொண்டது. திரையில் ஆட்டம் அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் அணைத்து, கார்ட்ரிட்ஜை மூடி, பழையபடி செருகி வைத்தான். அவள் டீயோடு உள்ளே வந்ததும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“இனிமே கவலையை விடுங்கக்கா. புது பேட்டரி போட்டாச்சு. ஒரு மணி நேரம்கூட அழியலை. இன்னும் இருபது வருஷத்துக்கு அசையாது. காசெல்லாம் வேண்டாம், என் அக்காவுக்குச் செஞ்சதா இருக்கட்டும்.”

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. டீயை அப்படியே கீழே வைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து கதவைச் சாத்தினாள்.

“நான் கை வெச்சா கண்டுபிடிச்சிடுவாரு தம்பி,” என்றாள் காதோரமாக. “ஆட்டம் தானா அழிஞ்சாத்தான் என் மேல பழி வராது, அவரும் போயிடுவாருன்னு ஆறு வருஷமா பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காத்திருந்தேன்.”

சாத்திய கதவுக்குப் பின்னால் ஆட்டத்தின் பாட்டு ஒலிக்க ஆரம்பித்தது. “இதோ வந்துட்டேங்க” என்று குரல் கொடுத்தபடி அவள் உள்ளே போனாள்.