இரண்டு மீட்டர் ஏரி

“குழாயை இங்க வெச்சிட்டு ஓரமா நில்லும்மா. மேஜையில அடுக்கறதை நான் பாத்துக்கறேன்” என்றார் இயக்குநர்.

சேற்றக்கா ஒதுங்கி நின்றாள். ஏரி ஆய்வு நிலையத்தில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. ஏரி நடுவே படகில் நின்று குழாயை இறக்கி, இரண்டு மீட்டர் சேற்றை அடுக்குக் குலையாமல் எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு நுனியில் இந்த வருஷத்து மண், மறு நுனியில் ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தியது.

நீளவாக்கில் பிளந்த குழாயை இயக்குநரே கையுறை மாட்டிக்கொண்டு மேஜையில் கிடத்தினார். குழாயில் ஒட்டியிருந்த நிலையத்தின் முத்திரை புகைப்படத்தில் நேராக விழவேண்டும் என்று ஒருமுறை திருப்பியும் வைத்தார்.

விருதுக் குழு வந்தது. ‘புத்துயிர் பெற்ற ஏரி’ விருது கிடைத்துவிட்டால், ஏரியில் விழும் சாக்கடையை அடைக்கும் திட்டம் தேவையில்லை என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. அந்தத் திட்டத்துக்காக மூன்று வருஷமாக மனு எழுதியவள் சேற்றக்கா.

பழைய ஏரியைப் படித்தால்தான் இன்றைய ஏரி புரியும் என்று தொடங்கினார் இயக்குநர். இடது கோடியில் கறுப்புச் சேறு, அது பழங்காலம். ஒரு விதை இல்லை, ஒரு நத்தை இல்லை. வலது கோடியில் நாணல் விதை, அல்லி மகரந்தம், நத்தை ஓடு என்று அமர்க்களம், அது இன்று. இதற்கெல்லாம் காரணம் யார் என்பதைச் சொல்லாமல் சொன்னார். பிறகு சொல்லியும் சொன்னார்.

“இயற்கை ஐயாயிரம் வருஷமா செய்யாததை நான் பத்தே வருஷத்துல செஞ்சிருக்கேன்.”

கைதட்டினார்கள். குழுத் தலைவி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

சேற்றக்கா தொண்டையைச் செருமினாள். கொண்டுவந்து கொடுத்ததோடு அவள் வேலை முடிந்தது என்றார் இயக்குநர்.

தலைவி நிமிர்ந்தார். “இதை எடுத்தது நீங்களா?”

“நான்தான் மேடம்.” சேற்றக்காவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

“அந்தப் பழங்காலச் சேத்துல ஒண்ணுமே கிடைக்கலையா?”

“ஒண்ணு கிடைச்சுது மேடம். பிளக்கும்போதே பாத்தேன்.”

கறுப்புச் சேற்றின் ஓரத்தில் இடுக்கியை விட்டு, எதையோ பிடுங்கி, தண்ணீரில் அலசி, தலைவி முன்னால் வைத்தாள்.

போன வருஷத்து ஏரி விழாவில் எல்லோருக்கும் வழங்கிய பிளாஸ்டிக் பேட்ஜ். அதில் இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“குழாயைத் திருப்பி வெச்சிடட்டுமா, சார்?” என்றாள் சேற்றக்கா.