ஒற்றைக்காது முயல்

"முயலுக்கு ஒரு காதைக் காணோம். இவனே தின்னுட்டானா?"

எழுத்தாளர் டொமிசாவா நான்கு படங்களை மேசைமேல் விட்டெறிந்தார். எதிரே பாயில் மண்டியிட்டிருந்த ஹொனாமி, பதிப்பகத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்கக் கொண்டுவந்திருந்த இனிப்புப் பெட்டியை ஒரு சாண் அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குழந்தைகளுக்கான படப் புத்தகங்களில் டொமிசாவாவும் ஓவியர் ஷிராகியும் முப்பது வருடம் ஜோடியாகக் கொடிகட்டிப் பறந்தவர்கள். போட்டதெல்லாம் நட்புக் கதைகள்தான்; வேடிக்கையைப் பாருங்கள், அட்டையில் யார் பெயர் மேலே என்று முட்டிக்கொண்டு, பன்னிரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கதையும் படமும் பதிப்பக ஊழியர் கையில்தான் போய் வந்தன.

டொமிசாவாவின் கர்வம் ஊரறிந்தது. ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றிவிட்டாள் என்பதற்காகப் போன வருடம் கொட்டும் பனியில் ஹொனாமியை வாசலோடு திருப்பி அனுப்பியவர். அப்பேர்ப்பட்ட மனிதரின் கதையை ஷிராகி இப்படிக் குதறி வைத்திருந்தார்.

"வாத்து மூணுன்னு எழுதினேன். இடது ஓரத்துல நிக்க வேண்டியது எங்கே? கரடி கையில குடையைக் காணோம். ஆத்தங்கரையில படகைக் காணோம். கொழுப்பும்மா, அவனுக்கு."

இந்தப் பேச்சுக்காகத்தான் ஹொனாமி காத்திருந்தாள். ஷிராகியை நீக்கிவிட்டு ஓர் இளம் ஓவியரை வைத்துக்கொள்ள அலுவலகம் முடிவு செய்துவிட்டது. எழுத்தாளரின் சம்மத முத்திரை ஒன்றுதான் பாக்கி. இந்தப் புத்தகமும் கைவிட்டுப் போனால் எழுபது வயது ஷிராகியை இனி யாரும் கூப்பிடப் போவதில்லை. அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் சம்மதத் தாளை எடுத்து நீட்டினாள்.

அவளுக்கும் ஆத்திரம் இருந்தது.

"என்னையும் விடலைங்க ஐயா. நேத்து மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டி வாங்கிட்டுப் போனேன். பாதியை அப்படியே வச்சுட்டு, பாதிப் பெட்டிதான் வாங்கினியான்னு திட்டித் தீத்துட்டார்."

டொமிசாவாவின் தேநீர்க் கிண்ணம் வாய்க்குப் போகாமல் நின்றது.

"எந்தப் பாதியை வச்சான்?"

இதென்ன கேள்வி என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "சோறு இருந்த பாதி. இடது பக்கம்."

அவர் நான்கு படங்களையும் வரிசையாகப் பரப்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தார். அப்பாடா, ஒழிந்தது தொல்லை என்று ஹொனாமி தலை குனிந்து நன்றி சொன்னாள்.

முத்திரை குத்தும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. நான்கு முறை கேட்டதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். சம்மதத் தாளுக்கு ஒன்று போதுமே.

சம்மதத் தாள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவர் கையெழுத்துப் பிரதியில் நான்கு வரிகள் சிவப்பில் அடிக்கப்பட்டு, ஒவ்வொரு திருத்தத்தின் மேலும் அவருடைய முத்திரை இருந்தது. வாத்து இரண்டாகியிருந்தது. கரடி மழையில் நனைந்துகொண்டு போனது, படகில்லாத ஆற்றை நீந்திக் கடந்தது. முயல் தனக்கிருந்த ஒரே காதை விடைத்துக்கொண்டு ஓடியது.

"இடது பக்கம் இருக்கிறது எதுவுமே அவனுக்குத் தட்டுப்படல. அது அவனுக்கே தெரியாது" என்றார் கடுகடுவென்று. "அவன் மகளுக்குப் போன் பண்ணி, இன்னைக்கே மூளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லு. நான் சொன்னேன்னு மூச்சு விட்டே, நடக்கிறதே வேற."

ஹொனாமி சம்மதத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "ஆபீஸ்ல கேட்டா என்னன்னு சொல்றதுங்க ஐயா?"

டொமிசாவா இனிப்புப் பெட்டியை அவள் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"படம் சரிதான், நான்தான் தப்பா எழுதிட்டேன்னு சொல்லு."