எட்டு

"டேய் எட்டு! டீ ஆறுது, சீக்கிரம் வா!"

பைண்டர் போட்ட சத்தத்தில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. வாசலில் நின்ற கட்டிங் மெஷின்காரர் வலது கையைத் தூக்கி ஆட்டினார். அந்தக் கையில் மூன்றே விரல்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

ஓரத்து மேஜையில் இருந்த பர்சனல் ஆபீஸர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த அம்மா இந்த நோட்டுப் புத்தகத் தொழிற்சாலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஆள் புதுசு என்றால் கோபமும் புதுசாகத்தானே இருக்கும்.

"அவரை ஏன் எட்டுன்னு கூப்பிடுறீங்க?"

"ரெண்டு கையையும் எண்ணிப் பாருங்க மேடம், சரியா வரும்" என்றார் பைண்டர். மறுபடியும் சிரிப்பு.

ஆபீஸருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"விரல் போன மனுஷனைப் பார்த்துப் பல்லைக் காட்டுறீங்களே, வெக்கமா இல்லை? அதே கத்தி உங்க கையில இறங்கியிருந்தா சிரிப்பீங்களா? வாங்க என் ரூமுக்கு!"

ரூமுக்குள் வந்ததும், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கம்பி வலைச் சட்டத்தில் வழக்கம்போல் கைப்பையை மாட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். பைண்டருக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன்.

"மேடம், அவனே அப்படித்தான் கூப்பிடச் சொன்னான்..."

"ஓஹோ! அடி வாங்கினவரே வந்து அடிக்கச் சொன்னாராக்கும்? வெளியே நில்லுங்க."

ஐந்து நிமிடத்தில் எட்டே வந்து நின்றார். ஆபீஸர் நாற்காலியைக் காட்டினார்.

"அவனை விட்டுடுங்க மேடம். அந்தப் பேரை வச்சது நான்தான்."

"பயப்படாம சொல்லுங்க. யாராவது மிரட்டினாங்களா?"

"அதெல்லாம் இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடி பேப்பரைச் சரி பண்ணக் கையை விட்டேன், கத்தி இறங்கிடுச்சு. ஒரு மாசம் எல்லாரும் ஐயோ பாவம்னாங்க. அப்புறம் மறந்துட்டாங்க. ஒருநாள் பார்த்தா அடுத்த ஷிஃப்ட்காரன் அதே இடத்துல கையை விடுறான்! எனக்கு வந்த ஆத்திரத்துல பளார்னு ஒண்ணு விட்டேன். அன்னைக்குத்தான் சொன்னேன், இனிமே என்னை எட்டுன்னே கூப்பிடுங்கடான்னு."

"எதுக்கு?"

"யாரும் மறக்கக் கூடாதுன்னுதான். புதுசா வர்ற ஒவ்வொருத்தரும் ஏன் எட்டுன்னு கேக்கறாங்க. காரணம் தெரிஞ்சதும் தானா கையை இழுத்துக்கறாங்க."

"உங்களுக்கு வலிக்கலையா?"

"வலிக்காம? கடைத்தெருவுல என் பொண்ணு எதிர்லேயே எட்டுன்னு கூப்பிட்டுட்டான் ஒருத்தன். வீடு வர்ற வரைக்கும் அவ என் கையை விடவே இல்லை."

ஆபீஸர் பேனாவை மேஜையில் தூக்கிப் போட்டார்.

"இவ்வளவு பெரிய கத்திக்கு முன்னாடி ஒரு தடுப்புகூடவா கிடையாது? யார் இதுக்குப் பொறுப்பு? நான் சும்மா விடப்போறதில்லை!"

"இருந்துச்சு மேடம். வேலை மெதுவாகுதுன்னு முதலாளி கழட்டச் சொல்லிட்டார். திருப்பி மாட்டச் சொல்லி மூணு தடவை எழுதிக் குடுத்தேன். இதே ரூம்லதான் குடுத்தேன்."

"கழட்டினது இப்ப எங்கே?"

எட்டு எழுந்தார். சுவரோரம் போய், கம்பிச் சட்டத்தில் தொங்கிய கைப்பையை எடுத்து மேஜைமேல் பதமாக வைத்தார்.

"இதுதான் மேடம். மாட்டிக் குடுங்க. அன்னைக்கே என் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்றேன்."