பாதியில் நின்ற பாட்டு

சர்ச்சில் காணிக்கைப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் ஆர்கன் நின்றுபோனது.

கரண்ட் போய்விட்டதோ என்று எல்லோரும் மேலே பார்த்தார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆர்கன்காரர்தான் எழுந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு போயே போய்விட்டார்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு முகம் குப்பென்று சூடேறியது. தையல் டீச்சர் என்றால் சபையில் ஒரு மரியாதை உண்டு.

பாட்டு தள்ளாடியது. ஆளுக்கொரு சுருதியில் இழுத்தார்கள். காணிக்கைப் பையோடு வந்தவர் நடுவழியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அவருக்கு வயிறு சரியில்லையா?" பின்வரிசைப் பெண் குனிந்து கேட்டாள்.

"ஆமா... காலையில இருந்தே." டீச்சர் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

வெளியே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. பின்வரிசைப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

போன வாரம்தான் கமிட்டியில் சண்டை. ஆராதனையில் டிரம்ஸ் வைக்கலாமா, கூடாதா என்று. ஆர்கன்காரர் வாயே திறக்கவில்லை. வாய் திறக்காதவர் மனதில் என்ன இருக்கிறது என்று அவரவர் இஷ்டத்துக்கு முடிவு கட்டிக்கொள்ளலாம் அல்லவா? வரிசைக்கு வரிசை அதுதான் இப்போது நடந்துகொண்டிருந்தது.

பிரசங்கம் டீச்சர் காதில் ஏறவே இல்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி வரவில்லை.

ஆராதனை முடிந்ததும் வாசலில் செயலாளர் பிடித்துக்கொண்டார்.

"டிரம்ஸ் பிடிக்கலேன்னா கமிட்டியில சொல்லணும். ஆராதனை நடுவுல எழுந்து போறதா? இது கடவுள் சந்நிதிம்மா. இங்க மனுஷன் அபிப்பிராயத்துக்கு இடமே கிடையாது. வேதம் என்ன சொல்லுதோ, அதுதான்!"

"தப்புதாங்கய்யா."

"அடுத்த ஞாயிறு சபை முன்னாடி அவர் மன்னிப்புக் கேக்கணும்."

"கேக்க வைக்கிறேங்கய்யா. அது என் பொறுப்பு."

சுற்றி நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். 'ஐயோ பாவம்' என்கிற பார்வை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வேகவேகமாக வீட்டுக்கு வந்தாள். பூட்டியிருந்தது. அவர் போனுக்கு அடித்தாள், எடுக்கவில்லை. அவர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் கடைக்கு ஓடினாள். ஷட்டர் இறங்கியிருந்தது.

பக்கத்து மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "சாரையா தேடறீங்க? உங்க கொழுந்தன் வீட்டு வாசல்ல ஸ்கூட்டர் நிக்குதே."

டீச்சர் அந்த வீட்டு வாசலை மிதித்து வருஷங்கள் ஆகியிருந்தன.

கொழுந்தன் பஸ் டிரைவர். அவன் மனைவி நர்ஸ். மாமியாரைப் படுக்கையில் வைத்துக் கடைசிவரை பார்த்தது அவர்கள்தான். அடக்கம் முடிந்த கையோடு சபையில் ஒரு பேச்சு கிளம்பியது. நர்ஸ் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டாளாம், அதனால்தான் கிழவி போய்ச் சேர்ந்தாளாம். கிளப்பியது யாரென்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. அன்றோடு அந்தக் குடும்பம் சபைக்கு வருவதை நிறுத்தியது. அண்ணன் தம்பி பேச்சும் நின்றது.

'எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்டு, இங்க வந்து உக்காந்திருக்கீங்களா?' கேட்க வேண்டியதை மனதுக்குள் உருட்டிக்கொண்டே போனாள். வாசல் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவர் குரல்.

"வாசிச்சுக்கிட்டுத்தான்டா இருந்தேன். இன்னைக்குப் படிச்ச வேதப் பகுதி மனசை விட்டுப் போகவே இல்ல. காணிக்கை கொடுக்க வந்த இடத்துல, உன் சகோதரனுக்கு உன்மேல வருத்தம் இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கைய அங்கேயே வெச்சிட்டு முதல்ல போய் அவனோட சமாதானமாகுன்னு இருக்கு. எழுந்து வந்துட்டேன்."

"அதுக்குப் பாட்டு முடிஞ்சதும் வரக் கூடாதாண்ணே?" தம்பி சிரிக்கிறானா, அழுகிறானா என்று தெரியவில்லை.

"முடிஞ்சதும் போகலாம், முடிஞ்சதும் போகலாம்னுதான்டா இத்தனை வருஷம் வாசிச்சேன்."

டீச்சர் படியிலேயே நின்றுவிட்டாள். அந்தப் பகுதியைச் செயலாளர்தான் வாசித்தார். கணீரென்று வாசித்தார். சபை மொத்தமும் கேட்டது. அவளும் கேட்டாள்.

"மாமா," நர்ஸின் குரல் கேட்டது. "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் மருந்தை மாத்திக் கொடுத்தேன்னு முதல்ல சொன்னது யாரு?"



"நான்தாம்மா," என்றார் ஆர்கன்காரர். "துக்கத்துல புத்தி கெட்டுப் பேசிட்டேன். என்னை மன்னிச்சிரு."

டீச்சர் படியில் ஓரடி பின்வாங்கினாள். அப்படியானால் அவருக்குத் தெரியுமா? எப்போதிலிருந்து? ஒரு வார்த்தை கேட்டதில்லையே!

தெருவைத் திரும்பிப் பார்த்தாள். ஆள் நடமாட்டமே இல்லை. இப்படியே போய்விட்டால் அவள் வந்ததுகூட யாருக்கும் தெரியாது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். மூன்று பேரும் திடுக்கிட்டு எழுந்தார்கள். அவள் கணவரைப் பார்க்கவில்லை. நேராக நர்ஸ் முன்னால் போய் நின்றாள்.

"அவர் பொய் சொல்றாரு. சின்னவ நல்லாப் பார்த்துக்கிட்டா, மூத்தவ எட்டிக்கூடப் பார்க்கலேன்னு நாலு பேர் பேசிடுவாங்களோன்னு பயந்து, அந்தப் பேச்சைக் கிளப்பினது நான்."