பிரிக்காத கவர்

"இதை உங்கிட்ட குடுக்காம நான் வீட்டுக்குப் போகமாட்டேன்டா" என்று பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து நீட்டினார் பேனா.

படைப்பிரிவு அலுவலகத்தில் இருபத்தைந்து வருடம் எழுதிக் குவித்ததால் அவருக்கு அந்தப் பெயர். பக்கத்துக் கட்டிலில் போர்வையை மடித்துக்கொண்டிருந்தவர் நெட்டை. ஒரே நாளில், ஒரே வரிசையில் நின்று சிப்பாயாகச் சேர்ந்தவர்கள். இன்று ஓய்வு பெறுவதும் ஒன்றாகத்தான்.

கவரைப் பார்த்ததும் நெட்டையின் கை நின்றுவிட்டது.

"கர்னல் சீல் வச்ச கவர்தானே இது?"

"ஆமா. ராணுவ அகாதமிக்கு நீ போட்ட விண்ணப்பம். நான் அனுப்பவே இல்லடா."

சொல்லிவிட்டார். இனி இவன் அடித்தாலும் சரி, முகத்தில் விழிக்காமல் போனாலும் சரி.

அவர்கள் படைப்பிரிவின் சிப்பாய்களில், ஆண்டுக்கு ஒருவரைத்தான் அதிகாரிப் பயிற்சிக்குச் சிபாரிசு செய்வார்கள். சேர்ந்த மறு வருடம் இரண்டு மாதம் நெட்டை அவரைப் படுத்தி எடுத்தார். இந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும், எத்தனை போட்டோ வைக்க வேண்டும் என்று ஓயாத கேள்வி. கடைசியில், "வெள்ளிக்கிழமை கடைசி நாள், தபால்ல சேர்த்துடு" என்று இந்தக் கவரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பேனா அதைத் தபால் பையில் போடாமல் தன் பெட்டியில் போட்டுக்கொண்டார்.

"பதிலே வரல. சரி, நம்ம ராசி அவ்வளவுதான்னு விட்டுட்டேன்" என்றார் நெட்டை. "ஏன்டா அப்படிப் பண்ணே?"

"நீ ஆபீசர் ஆனா உனக்கு சல்யூட் அடிக்கணும். அடிச்சுட்டுப் போறேன், அது பெரிசில்ல. நீ வேற மெஸ்ல சாப்பிடுவே. நான் யார் கூடடா உக்காந்து சாப்பிடுவேன்?"

நெட்டை சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

"அந்த மலை முகாம்ல மூணு நாள் விடாம மழை. ஒரே தட்டுல சாப்பிட்டோம், ஒரே போர்வையில நடுங்கினோம். இது போய்ச் சேர்ந்திருந்தா அதெல்லாம் ஏது? விடுடா. ஆமா, பிரிச்சுப் பார்த்தியா?"

"சீல் வச்ச கவரை நான் எப்படிப் பிரிப்பேன்?"

கவரை ஒளித்துவைக்கலாம், சீலை மட்டும் உடைக்கக்கூடாது. அது அவருடைய அலுவலக ஒழுக்கம்.

"நல்லதாப் போச்சு. அப்படியே கொண்டுபோய் அடுப்புல போட்டுடு."

இவ்வளவு சுலபமான மன்னிப்பு பேனாவுக்குத் தாங்கவில்லை.

"இல்லடா. என்னால நீ எதை இழந்தேன்னு ஒரு தடவையாவது நான் பார்க்கணும். அதுதான் எனக்குத் தண்டனை."

"வேண்டாம்டா, சொன்னாக் கேளு!"

நெட்டை எட்டிப் பறிப்பதற்குள் பேனா சீலை உடைத்துவிட்டார். முதல் தாளின் மூலையில், மீசை சரியாக முளைக்காத ஓர் இளைஞனின் படம். பேனாவின் படம். கீழே பேனாவின் கையெழுத்து.

"ஒரு ஆளைத்தான் அனுப்புவோம்னாங்க" என்றார் நெட்டை, அவர் முகத்தைப் பார்க்காமல். "நம்ம ரெண்டு பேருல படிச்சவன் நீதானே? கேட்டா என்னை விட்டுட்டுப் போகமாட்டேன்னு சொல்லுவே. அதான் லீவு பேப்பரோட சேர்த்து உன் கையெழுத்தை வாங்கினேன்."